அம்மாவோட பென்ஷன் நின்னுபோச்சா? புது அப்ளிகேஷன் போடாதீங்க, ஆர்டர் காப்பிய கேளுங்க

கேள்வி: சார், நாங்க கொருக்குப்பேட்டை. அம்மாவுக்கு 71 வயசு, முதியோர் பென்ஷன் வந்துட்டு இருந்துச்சு, இப்ப நாலு மாசமா வரல. தாலுகா ஆபீஸ்ல போய் கேட்டா "ஆம்பளப் பசங்க இருக்கீங்க, அதான் கேன்சல்"னு வாயால சொல்றாங்க, பேப்பர் எதுவும் தரல. வெளிய ஜெராக்ஸ் கடைகிட்ட நிக்கிற ஒருத்தர் 6000 குடுத்தா புதுசா அப்ளை பண்ணி ஒரே மாசத்துல வாங்கித் தரேன்ங்கிறார். குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க தம்பி. காசு போறதுக்காக மட்டும் சொல்லல, அவர் சொல்ற வழியே உங்க கேஸ கெடுத்துடும். புதுசா அப்ளை பண்ணீங்கன்னா பழைய பென்ஷன நிறுத்தினது சரின்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி பேசுவாங்க, நின்னுபோன நாலு மாசப் பணத்தை அப்புறம் யார்கிட்டயும் கேக்க முடியாது. அதோட அந்த ஆளு அப்ளிகேஷன்ல அம்மா நம்பருக்கு பதிலா தன்னோட செல் நம்பரப் போட்டுடுவார், ஓடிபி, மெசேஜ் எல்லாம் அவருக்குத்தான் போகும், நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து ஏதாச்சும் கேட்டா உங்களுக்குத் தெரியவே தெரியாது, அதுக்கும் ஒரு 500 கேப்பார். வெள்ளப் பேப்பர்ல அம்மாவோட கைரேகை வாங்கி வெச்சிருந்தா இன்னிக்கே போய் திருப்பி வாங்குங்க. தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் முகாம் போட்டு உக்காரும்போதெல்லாம் இதே கதையத்தான் கேக்குறேன், வயசானவங்க ஏமாறும்போது வயிறு எரியுது.

சரி, முதல்ல ஒண்ண உறுதி பண்ணிக்கங்க. பென்ஷன யாராச்சும் நிஜமாவே நிறுத்தினாங்களா, இல்ல பணம் வேற எங்கயாச்சும் போய் மாட்டியிருக்கா? இத கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும், ஏன்னா இங்கதான் நிறைய பேர் தப்பான கதவ தட்டுறாங்க. ஆதார் வழியா பணம் போடுற திட்டம்னா, கடைசியா எந்த பேங்க் அக்கவுண்ட்ல ஆதார இணைச்சீங்களோ அங்கதான் பணம் போகும். நடுவுல மகளிர் குழு லோனுக்காகவோ கேஸ் மானியத்துக்காகவோ வேற பேங்க்ல அம்மா பேர்ல அக்கவுண்ட் தொறந்திருந்தா பணம் அங்க போய் உக்காந்திருக்கலாம், நீங்க பழைய பாஸ்புக்க என்ட்ரி போட்டுப் பாத்துட்டு வரல வரலன்னு அலைவீங்க. அக்கவுண்ட ரொம்ப நாளா தொடாம விட்டதால பேங்க்காரங்க முடக்கி வெச்சிருந்தாலும், கேஒய்சி புதுப்பிக்காம விட்டிருந்தாலும் சிக்கல்தான். இந்த மாதிரி விஷயத்துல பென்ஷன நிறுத்தணும்னு யாரும் முடிவே எடுக்கல, அதனால "எனக்கு ஏன் நோட்டீஸ் தரல"ன்னு தாலுகா ஆபீஸ்ல சண்டை போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல, பேங்க்லதான் சரி பண்ணணும். ஆதார் எந்த பேங்க்ல இணைஞ்சிருக்குன்னு ஆதார் வெப்சைட்லயே பாக்கலாம், அம்மா ஆதாரோட இணைச்ச செல்ல கையில வெச்சுக்கிட்டு பாருங்க. முதல்ல இத முடிங்க.

பேங்க்ல எல்லாம் ஒழுங்கா இருக்கு, ஆபீஸ்லதான் கேன்சல் பண்ணியிருக்காங்கன்னா இனிமே சொல்றத கவனிங்க.

குடுத்துட்டு இருக்கிற ஒண்ண நிறுத்தறதுக்கு முன்னாடி அந்த ஆள்கிட்ட கேக்கணும். உங்க மேல இப்படி ஒரு தகவல் வந்திருக்கு, நீங்க என்ன சொல்றீங்கன்னு நோட்டீஸ் குடுத்து, பதில் வாங்கி, அதுக்கப்புறம் காரணத்தோட எழுத்துல ஆர்டர் போடணும். பாஸ்போர்ட்ட பிடுங்கி வெச்சதுக்கு எதிரா மேனகா காந்தி போட்ட கேஸ்ல 1978லயே சுப்ரீம் கோர்ட் இத தெளிவா சொல்லிடுச்சு. உங்க அம்மா விஷயத்துல இது ரொம்ப முக்கியம், பையன் இருக்கான்ங்கிறது வேற, பையன் சோறு போடுறானாங்கிறது வேற. ரேஷன் கார்ட்ல பேரு இருக்கும், பையன் எண்ணூர்லயோ மணலிலயோ தனிக்குடித்தனம் இருப்பான், பத்து பைசா தரமாட்டான். அது ஆபீஸ் டேபிள்ல உக்காந்தா தெரியுமா? அம்மாவ கேட்டாதான் தெரியும். குடிசை மாற்று வாரிய வீட்ல ஒண்டிக்கிட்டு இருந்த ஒரு அம்மாவுக்கு "சொந்த வீடு உள்ளது"ன்னு ரிப்போர்ட் எழுதினத நானே பாத்திருக்கேன், எழுதினவர் அந்தத் தெருப்பக்கமே போகல.

அடுத்தது, யார் முடிவெடுத்தாங்கன்னு பாருங்க. விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) எல்லாம் விசாரிச்சு ரிப்போர்ட் குடுக்கறவங்க, அவ்வளவுதான். ஆர்டர் போடவேண்டியது சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி தாசில்தார், அதுவும் ஃபைல பாத்து தானா யோசிச்சுப் போடணும், கீழ இருந்து வந்த லிஸ்ட்ல மொத்தமா கையெழுத்து போட்டு அனுப்பறதுக்குப் பேரு முடிவு இல்ல. கவுன்டர்ல இருக்கிற கிளார்க் "கேன்சல்"னு சொன்னா அது வெறும் பேச்சு. எழுத்துல ஆர்டர் இல்லாம நீங்க எத வெச்சு அப்பீல் போவீங்க? பேப்பரே தராம ஜனங்கள அலையவிடற பழக்கம் இத்தன வருஷத்துல மாறவே இல்ல, அந்த இடைவெளியிலதான் புரோக்கர் கடை போட்டு உக்காந்திருக்கான்.

அதனால ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. 2005 ஆர்டிஐ சட்டம் பிரிவு 4(1)(டி), ஒரு முடிவால பாதிக்கப்பட்டவங்களுக்கு காரணத்த அரசு ஆபீஸே தானா சொல்லணும்ங்குது, யாரு சொல்றாங்க, நாமதான் கேட்டு வாங்கணும். 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அம்மா பேர்லயே மனு போடுங்க, தாலுகா ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு. ஆனா "ஏன் நிறுத்தினீங்க"ன்னு எழுதாதீங்க, எழுதினா "விளக்கம் கேட்பது தகவல் ஆகாது"ன்னு ஒரு வரில முடிச்சு அனுப்பிடுவாங்க. டாக்குமென்ட்டா கேளுங்க: ரத்து செஞ்ச ஆணையோட நகல், ஆணை எண், தேதி, கையெழுத்து போட்டவர் பதவி, விசாரணை ரிப்போர்ட் நகல், அம்மாவுக்கு அனுப்பின நோட்டீஸ் நகல், அது அவங்க கைக்குப் போய் சேர்ந்ததுக்கான அத்தாட்சி. 30 நாள்ல பதில் வரணும். வரலைன்னா அடுத்த 30 நாளைக்குள்ள முதல் மேல்முறையீடு. ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத பத்திரமா வைங்க, நேர்ல குடுத்தா சீல் வாங்காம நகராதீங்க.

நோட்டீஸே இல்ல, ஆர்டரே இல்லன்னு பதில் வந்தா உங்க கேஸ் பாதி ஜெயிச்ச மாதிரி. ஆர்டர் வந்தா அதுல என்ன காரணம் எழுதியிருக்காங்களோ அதுமட்டும்தான் கணக்கு. 1977ல மொஹிந்தர் சிங் கில் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் ஜஸ்டிஸ் கிருஷ்ணய்யர் சொன்னாரு, அரசு ஆர்டர்ங்கிறது பழைய ஒயின் மாதிரி நாளாக நாளாக ருசி ஏறாது, போடும்போது என்ன காரணம் எழுதினியோ அதோடதான் நிக்கணும், பின்னாடி புதுசா காரணம் சேர்க்கக்கூடாதுன்னு. இன்னிக்கு பையன்ம்பாங்க, அப்பீல் போனதும் வீடு இருக்குன்னு பேச்ச மாத்துவாங்க, அப்ப இத எடுத்துச் சொல்லுங்க.

ஒண்ண மறைக்காம சொல்லிடறேன், நோட்டீஸ் தராதது தப்புன்னு நிரூபிச்சா திரும்ப விசாரிக்க வெக்கலாம், அவ்வளவுதான். நீங்க நிஜமாவே அம்மாவ நல்லா வெச்சுப் பாத்துக்கிட்டு, கையில வருமானமும் இருந்தா, முறையா விசாரிச்சே நிறுத்திடுவாங்க.

ஆர்டிஐ பதிலுக்காக சும்மா காத்திருக்க வேணாம். பீச் போற ரயில் ஏறுங்க, ஸ்டேஷன்ல இறங்கினா ராஜாஜி சாலைல கலெக்டர் ஆபீஸ் பக்கம்தான், திங்கக்கிழமை குறைதீர் நாள்ல அம்மாவ கூட்டிட்டுப் போய் மனு குடுங்க. "விசாரிக்காம, நோட்டீஸ் தராம நிறுத்திட்டாங்க, நிறுத்தின மாசத்துலேர்ந்து திரும்ப வழங்கணும்"னு எழுதுங்க, மாசம் 1200 கணக்குல நிலுவை எவ்வளவுன்னும் போடுங்க. மனு நம்பர் குடுப்பாங்க, அத வாங்காம வராதீங்க.

வக்கீலுக்கு காசில்லன்னு புரோக்கர்கிட்ட போகாதீங்க. 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, உங்க அம்மாவுக்கு அந்த ஒரு தகுதியே போதும். ஹைகோர்ட் வளாகத்துல சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, இல்லன்னா 15100க்கு போன் பண்ணுங்க. போகும்போது ஆதார், ரேஷன் கார்டு, பழைய பென்ஷன் ஆர்டர், பணம் கடைசியா வந்த மாசம் தெரியற மாதிரி என்ட்ரி போட்ட பாஸ்புக், நாலையும் எடுத்துக்கங்க. ஜெராக்ஸ் மட்டும் குடுங்க, ஒரிஜினல யாரு கேட்டாலும் காட்டிட்டு கையோட திருப்பி வாங்கிடுங்க.