ஆழமில்லாக் கடலுக்குக் கணினி மாதிரி: வாசகர் கேள்விகள்

பாக் விரிகுடாவின் ஆழமே பத்துப் பன்னிரண்டு மீட்டர்தானே. பெருங்கடலைவிட இதற்கு மாதிரி போடுவது சுலபம் இல்லையா சார்?

ஒரு விஷயத்தில் சுலபம்தான். நீர்மட்டத்தில் எழும் அலை 10 மீட்டர் ஆழத்தில் நொடிக்குச் சுமார் 10 மீட்டர் போகும். மாதிரியில் கடலைப் பிரிக்கும் ஒரு கட்டம் 500 மீட்டர் அகலம் என்றால் அதைக் கடக்க 50 நொடி. சாதாரண முறைகளில் காலப்படி (ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள நேரம்) அதற்குள் இருக்க வேண்டும். 1928-லேயே கூரன்ட், ஃபிரெட்ரிக்ஸ், லெவி என்ற கணிதவியலாளர்கள் மூவரும் காட்டிய நிபந்தனை இது. மீறினால் எண்கள் எகிறிவிடும். ஆனால் தெற்கே மன்னார் வளைகுடாவையும் சேர்த்தீர்களோ, 1000 மீட்டர் ஆழமுள்ள ஒரு மூலைக்காக மொத்தக் கடலும் 5 நொடிப் படியில் நகர வேண்டியதுதான். அதனால்தான் நீர்மட்டத்தைச் சின்னப் படியிலும் வெப்பம், உப்பு முதலியவற்றைப் பெரிய படியிலும் பிரித்து ஓட்டுகிறார்கள்.

நீரைக் கலக்கும் சுழிகளை அப்படியே கணக்கிட்டால் என்ன? கே-எப்சிலான் என்ற சுருக்கு முறை எதற்கு?

ஒரு சதுர கிலோமீட்டர், 10 மீட்டர் ஆழம், சிறு சுழி ஒரு மில்லிமீட்டர். கட்டங்களை எண்ணினால் ஒன்றுக்குப் பின்னால் 16 பூஜ்யம்! அதனால் சுழிகளில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது (கே), அது எவ்வளவு வேகமாக வெப்பமாகிறது (எப்சிலான்) என்ற இரண்டை மட்டும் பின்தொடர்கிறோம். கலக்கும் திறன் இவற்றிலிருந்து வந்துவிடும்.

என் மாதிரியில் ஓத நீரோட்டம் அளவீட்டைவிட 20 சதவீதம் அதிகம். கடலடி உராய்வின் அளவைக் குறிக்கும் உராய்வுக் கெழுவை 0.0025-லிருந்து ஏற்றலாமா?

உடனே கை வைக்காதீர்கள். முதலில் ஆழத்தைப் பாருங்கள். கடல் வரைபடத்தின் பூஜ்யம் தாழ்ந்த வற்றுநீர் மட்டம். மாதிரியின் பூஜ்யம் சராசரி மட்டம். இடையிலுள்ள வித்தியாசத்தைச் சேர்க்க மறந்தால் கடல் உண்மையைவிட மேலோட்டமாகிவிடும். அதே தண்ணீர் குறுகிய வழியில் போக வேண்டும், வேகம் கூடும். நானே இப்படி மூன்று வாரம் கெழுவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

ராமேசுவரம் பக்கத்து மணல் தீடைகள் இடம் மாறுபவை என்பதால் பழைய வரைபடத்தை நம்பவும் முடியாது. கடற்புல் படுகை இருந்தால் அங்கே மட்டும் உராய்வை ஏற்றுங்கள், எல்லா இடத்திலும் அல்ல. உராய்வில் இழக்கும் ஆற்றல் வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறும்; ஐரிஷ் கடலின் ஓத ஆற்றல் எங்கே தொலைகிறது என்று 1919-இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் கணக்கிட்டதும் இதை வைத்துத்தான். உங்கள் வேகம் 20 சதவீதம் கூடினால் ஆற்றல் இழப்பு 1.7 மடங்காகிவிடும்.

ஆழத்தைச் சராசரியாக்கிய இருபரிமாண மாதிரி போதுமா?

நீர்மட்டம் மட்டும் வேண்டுமென்றால் போதும். சேறு எங்கே போகும் என்று கேட்டால் போதாது. காற்று மேல்நீரைக் கரைப் பக்கம் தள்ளும்போது அடிநீர் எதிர்த்திசையில் திரும்பும். சராசரி எடுத்தால் இரண்டும் அடிபட்டுப் பூஜ்யம் வரும். சேறு பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது.