செயற்கைக்கோள் படத்தை வைத்துப் புழுதிப் புயலையும் காட்டுத்தீப் புகையையும் முன்கூட்டியே அறிய முடியுமா?

முடியும். எந்தப் படத்தைப் பார்க்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இப்படிக் கேட்பதைப் பார்த்தால், நீங்களும் வளைகுடாப் பக்கம் புதிதாக வந்து முதல் மணல்காற்றில் மாட்டிக்கொண்டவராகத்தான் இருப்பீர்கள். நான் குவைத்தில் டவர் கிரேன் ஓட்டுகிறேன். படித்தது ஐடிஐ. வானிலையில் முதுகலை முடித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பிழைப்புக்காகக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

எல்லோரும் முதலில் திறப்பது இயல்பான வண்ணப் படத்தை. நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. காட்டுத்தீப் புகைக்கு அது போதும். பச்சைக் காட்டின் மேல் சாம்பல் நிறம் பளிச்சென்று தெரியும். வெப்பத்தைக் கொண்டு கண்டறிந்த தீப்புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால், புகை எங்கிருந்து கிளம்புகிறது என்பதும் புரிந்துவிடும். 2020 தொடக்கத்தில் ஆஸ்திரேலியப் புகை பசிபிக்கைத் தாண்டித் தென் அமெரிக்கா வரை போனதும் செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. பாலைவனத்தில் இந்த வித்தை பலிக்காது. தரையும் மண்நிறம், பறப்பதும் மண்நிறம். கடலுக்கு மேல் வந்த பிறகுதான் புழுதி பழுப்பு நாக்கு நீட்டியதுபோலத் தெரியும். அதற்குள் நம் தலையில் கொட்டி முடிந்திருக்கும்.

எங்களுக்கு உதவுவது ஐரோப்பாவின் மெட்டியோசாட் வானிலைச் செயற்கைக்கோள் தரும் புழுதிப் படம். அகச்சிவப்பு அலைநீளங்களுக்கு இடையே தெரியும் வெப்பநிலை வேறுபாட்டுக்கு நிறம் கொடுத்திருப்பார்கள். புழுதி அடர் இளஞ்சிவப்பு, பகல்நேரப் பாலைவனம் வெளிர்நீலம், உயரத்தில் இருக்கும் கனத்த மேகம் கருஞ்சிவப்பு. 15 நிமிடத்துக்கு ஒரு படம், இரவிலும் வரும். புகையை மட்டும் இதில் தேடாதீர்கள். அதன் துகள்கள் மிகச் சிறியவை, அகச்சிவப்புக்குக் கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது.

2022 மே 16 அன்று வேலைக்கு ஏறுமுன் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இராக்கின் நடுவே இளஞ்சிவப்புப் பட்டை. அடுத்தடுத்த படங்களில் அதன் முன்விளிம்பு தென்கிழக்கே நகர்ந்துகொண்டே இருந்தது. ஷமால் என்னும் வடமேற்குக் காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. எங்கள் ஃபோர்மேன் திருநெல்வேலிக்காரர். "அண்ணே, கான்கிரீட் ஊற்றும் பெரிய ஷட்டர் பலகைகளை முதலில் தூக்கிவிடலாம், பிற்பகல் தாங்காது" என்றேன். "போனில் ரோஸ் நிறத்தைப் பார்த்துவிட்டு எனக்கு வேலைத்திட்டம் போடுகிறாயா தம்பி?" என்று சிரித்தார். சிரித்தாலும் பலகைகளை முற்பகலிலேயே முடித்துவிட்டார். அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

பிற்பகலில் கேபினில் இருக்கும் காற்றுமானி ஏறத் தொடங்கியது. கொக்கியை மேலே இழுத்து, சுழல் பிரேக்கை விடுவித்து, கிரேனின் கை காற்றோடு தானாகத் திரும்பும்படி விட்டுவிட்டு இறங்கினேன். ஏணியில் பாதி தூரம் வருவதற்குள் பக்கத்துக் கிரேன் மறைந்துவிட்டது. அன்று பாக்தாத் விமான நிலையத்தை மூடினார்கள். குவைத்திலும் விமானங்களைச் சிறிது நேரம் நிறுத்திவைத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு எல்லா நாளும் படத்தை நம்பிவிடாதீர்கள். புழுதி உயரத்தில் மிதந்தாலும் படம் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும், கீழே சாலை தெளிவாகத் தெரியும். வசந்த காலத்தில் இங்கே சராயாத் என்று இடிமழை வரும். அப்போது மேகம் மேலே மூடிக்கொள்ள, அதன் அடியில் கிளம்பும் புழுதிச் சுவர் படத்தில் சிக்காது. அந்த மாதங்களில் நான் வானத்தையும் காற்றுமானியையும்தான் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். அந்த மாதம் "முன்னெச்சரிக்கையுடன் செயல்பட்டதற்காக" நிறுவனத்தில் ஒருவருக்குச் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அவர் குளிர்சாதன அறையை விட்டு வெளியே வராத பாதுகாப்பு அதிகாரி. சான்றிதழ் எனக்கு வேண்டாம், ஃபிரேம் போட்டு மாட்ட முகாம் அறையில் சுவரும் இல்லை. கேபின் ஏசியின் வடிகட்டியை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தேனே, அதற்காவது ஒரு கையெழுத்துப் போடலாம் அல்லவா? புழுதி அடித்த மறுநாள் அதைத் தட்டினால் மடி நிறைய இராக் மண் கொட்டுகிறது.