பால்வாடி முடிந்த பிறகு பிள்ளையை யார் பார்ப்பது?

கேள்வி: எனக்கு வயது 27, பத்தாவது பாஸ். கணவர் பெயின்டிங் வேலைக்குப் போகிறார். அரசு ஐ.டி.ஐ.யில் ஒரு வருட 'கோபா' கணினிப் படிப்பில் சேர ஆசை. இரண்டரை வயது மகனை எங்கே விடுவது? காப்பகமெல்லாம் வேலைக்குப் போகும் அம்மாக்களுக்குத்தான் என்கிறார்களே?
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அந்தப் பேச்சை நம்பிப் படிப்பை விட்டுவிடாதீர்கள். மத்திய அரசின் 'பால்னா' காப்பகங்களில் 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சேர்க்கலாம். அம்மா வேலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சிக்கல் என்னவென்றால், இவை எல்லா ஊரிலும் கிடையாது. பக்கத்தில் உண்டா என்று பால்வாடி டீச்சரிடமோ வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்திலோ கேளுங்கள்.

இல்லையென்றால் பால்வாடியே போதும். 2 வயது முடிந்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். காசு கிடையாது, மதியச் சாப்பாடும் முட்டையும் உண்டு. ஆனால் பிற்பகலில் விட்டுவிடுவார்கள், உங்கள் வகுப்போ அதற்கு மேலும் நடக்கும். ஆர்வமாகச் சேர்ந்த பெண்கள் பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்த ஒன்றிரண்டு மணி நேரத்தால்தான். அதனால் விண்ணப்பம் போடும் முன்பே வகுப்பு எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டுக்கொண்டு, அதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் பேசிவிடுங்கள். சொந்தக்காரராகவே இருந்தாலும் மாதம் ஒரு தொகை கொடுங்கள். சும்மா பார்த்துக்கொள்பவரிடம் நாலு மாதம் கழித்து எதையும் கேட்க முடியாது. பணத்துக்கு வழி இருக்கிறது: அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள், சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

அப்புறம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்? வருகை குறைந்தால் தேர்வு எழுதவே விடமாட்டார்கள். எல்லா நாளும் நீங்களே லீவு போடாமல், சில நாள் கணவர் போடட்டும். இதைச் சேரும் முன்பே அவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

வயதை நினைத்துத் தயங்க வேண்டாம்; ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. மகனை இப்போதே பால்வாடியில் சேர்த்துவிடுங்கள். வகுப்பு தொடங்கும்போது அவன் அழுது பழகும் நாட்கள் முடிந்திருக்கும். அவனை அழைத்துப்போக வருபவரை டீச்சரிடமும் ஆயாவிடமும் நேரில் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள்.