செலோடேப் ஒட்டிய காமிக்ஸுக்குக் கிரேடிங் தேவையா?

கேள்வி: அப்பா சேர்த்த முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ் நாற்பது இதழ்கள் இருக்கின்றன. சிலவற்றின் முதுகில் செலோடேப். அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் செய்தால் விலை கூடுமா?
- வாசகர், ராயபுரம்

பதில்: அனுப்பாதீர்கள். காமிக்ஸ் தரம் பார்க்கும் சிஜிசி நிறுவனம் 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, இதழைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தரும். அந்த எண்ணுக்குக் காசு கொடுக்க ஆள் இருந்தால்தான் லாபம். தமிழ் காமிக்ஸ் தேடுகிறவர் பெரும்பாலும் படிக்கிறவர். நடுப்பக்கம் கழன்றிருக்கிறதா, பக்கம் விடுபட்டிருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துத்தான் விலை பேசுவார். அடைத்த பெட்டியை எப்படிப் புரட்டுவது? போகவர அஞ்சல், காப்பீடு, கட்டணம் வேறு.

டேப்பை உரிக்க வேண்டாம்; பழுத்த பசையோடு காகித நாரும் வந்துவிடும். வெளுத்த இடத்தில் ஸ்கெட்ச் பேனா தீட்டுவதும், ஓரத்தை நறுக்கிச் சமன் செய்வதும் அதைவிட மோசம். வண்ணம் தீட்டிய இதழுக்கு சிஜிசி, சீரமைத்தது என்று காட்டும் ஊதா லேபிள் ஒட்டும், விலை சரியும். லெண்டிங் லைப்ரரி ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால் அப்படியே விடுங்கள். கிரேடருக்கு அது குறை, நம் ஆட்களுக்கு அதுவே அழகு.

கேள்வி: மழை வந்தால் அட்டைகள் ஒட்டிக்கொள்கின்றன, ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கிறது. என்ன செய்ய?
- வாசகி, காசிமேடு

பதில்: கடல் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்புப் பின் தாங்காது. முதலில் இப்போதுள்ள கவரைப் பாருங்கள். பி.வி.சி. கவர் நாளாக ஆக எண்ணெய் கசிந்து அட்டை மையோடு ஒட்டும். பாலிபுரோப்பிலீன் கவர்தான் வேண்டும். இதழைவிட 5 மி.மீ. அகலம் கூடுதலாக வாங்குங்கள். உள்ளே அமிலமற்ற அட்டை. மூடி இறுகும் டப்பாவில், 20 லிட்டருக்கு 100 கிராம் சிலிகா ஜெல் போடுங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் பொட்டலத்தில் சொன்னபடி சூடாக்கி உலர்த்தலாம், ஆனால் சமையல் பாத்திரத்தில் வேண்டாம். திறந்த அலமாரியில் ஜெல் போடுவது வீண், தெருவின் ஈரத்தையெல்லாம் அதனால் உறிஞ்ச முடியுமா? டப்பாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேல் தட்டில் வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடுவதானால் காகிதத்தில் படாமல் துணியில் முடிந்து போடுங்கள்.

கேள்வி: மகனின் போகிமான் கார்டு கிரேடிங்கில் 10 வாங்குமா? அசல்தானா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: அளவு 63க்கு 88 மி.மீ. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: படம் புள்ளிப் புள்ளியாகவும், எழுத்து ஓரம் கூர்மையாகவும் இருக்க வேண்டும். செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடியுங்கள். வெளிச்சம் தாராளமாக ஊடுருவினால் சந்தேகப்படலாம், நடுவில் கருப்பு அடுக்கு இல்லை என்று அர்த்தம். ஆனால் ஒரே தொகுப்பின் அசல் கார்டோடு ஒப்பிடாமல் முடிவுகட்டாதீர்கள்.

பிறகு மையம், அதாவது படம் கார்டின் நடுவில் இருக்கிறதா என்பது. இடது ஓரம் 3 மி.மீ., வலது 2.5 மி.மீ. என்றால் விகிதம் ஏறத்தாழ 55க்கு 45, கார்டுகளுக்கு கிரேடு போடும் பி.எஸ்.ஏ. நிறுவனம் 10 தர முன்பக்கத்தில் அதிகபட்சம் அவ்வளவுதான் பொறுக்கும். மூலைகளில் வெள்ளை தெரிந்தால் கதை முடிந்தது. ஏற்கெனவே கிரேடு போட்ட பெட்டியை வாங்குவதானால், சான்று எண்ணை இணையத்தில் தேடி, அங்குள்ள படத்தில் கீறல், அச்சுப் புள்ளி ஒத்துப்போகிறதா பாருங்கள். போலிப் பெட்டியில் அசல் எண்ணைத்தான் அச்சடிப்பார்கள்.