ரொபஸ்டா அவ்வளவு மட்டமா?

வணக்கம் சார்,

பல வருடங்களாகக் கொட்டை வாங்கி வீட்டிலேயே அரைத்துக் காப்பி போடுகிறேன். '100 சதவீதம் அராபிகா' என்று இருந்தால்தான் வாங்குவேன். இன்னொரு காப்பி இனமான ரொபஸ்டா மட்டம் என்பது என் எண்ணம். இப்போது 'ஃபைன் ரொபஸ்டா' என்று தனியாக விற்கிறார்கள். அராபிகா குறைந்துவருவதால் மட்டமான சரக்கைப் பெயர் மாற்றித் தலையில் கட்டுகிறார்களோ என்று தோன்றுகிறது. ஸ்டெனோஃபில்லா என்றொரு பெயரும் அடிபடுகிறது. எதை நம்புவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் சந்தேகம் எனக்கும் இருந்தது. ஒரே நாளில் இரண்டு ரொபஸ்டாக்களை அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் அது போனது.

இரண்டு கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் 8.25 கிராம் தூள், 150 மில்லி வெந்நீர், 4 நிமிடக் காத்திருப்பு. மேலே தடித்து நிற்கும் தூளைக் கரண்டியால் விலக்கும்போது மூக்கைக் கிண்ணத்துக்குள் விட்டுவிட வேண்டும். மணம் முழுக்க அந்த நொடியில்தான் எழும். முதல் கிண்ணத்தில் ஈரச்சாக்கு நாற்றம், அடியில் கருகிய ரப்பர். ரொபஸ்டா என்றதும் நம் நினைவுக்கு வருவது இதுதான். இரண்டாவதில் கோகோ, வறுத்த கடலை, வாயில் வைத்தால் கனமான வழவழப்பு. கசப்பு இருந்தது, ஆனால் தொண்டையில் தங்கவில்லை. இரண்டும் ஒரே இனம். இரண்டாவது, பழுத்த பழத்தை மட்டும் பறித்து, சீராகக் காயவைத்த கொட்டை. முதலாவது, காயும் பழமும் ஒன்றாக உருவி, குவியலாகக் கிடந்து பூசணம் பிடித்தது. நாம் செடியைக் குறை சொன்னதில் பாதி, களத்தைச் சொல்லியிருக்க வேண்டியது.

மீதிப் பாதி உண்மைதான். ரொபஸ்டாவில் காஃபின் அராபிகாவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, சர்க்கரை குறைவு. பூ மணமும் பழப் புளிப்பும் தேடினால் அராபிகாவிடம்தான் போக வேண்டும். எனக்கே காலையில் முதல் கோப்பை அராபிகாதான்.

ஆனால் அராபிகா தனியே வானத்திலிருந்து குதித்ததல்ல. ரொபஸ்டாவும் யூஜினியாய்டிஸ் என்ற காட்டுக் காப்பியும் பல லட்சம் வருடங்களுக்கு முன் இயற்கையாகக் கலந்து பிறந்தது அது. மற்ற காப்பி இனங்களுக்கு 22 குரோமோசோம்கள், இதற்கு மட்டும் 44. அதாவது நாம் ஒதுக்கிய ரொபஸ்டா, நாம் கொண்டாடும் அராபிகாவைப் பெற்றது! அந்தக் கலப்பு அபூர்வமாக நடந்தது என்பதாலும், அராபிகா தன் மகரந்தத்திலேயே காய்ப்பது என்பதாலும் அதற்குள் மரபு வேற்றுமை மிகக் குறைவு. ஒரு நோய் வந்தால் தோட்டமே விழும். 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் தெரியவந்தது. இருபது வருடம் போல ஆவதற்குள் அங்கே காப்பிப் பயிர் அழிந்து தேயிலை வந்துவிட்டது. பின்னாளில் அந்த நோயைத் தாங்கும் அராபிகா ரகங்கள் பல வந்தன. அவற்றில் பலவற்றுக்கு அந்தத் தெம்பு வந்ததும் ரொபஸ்டா ரத்தத்திலிருந்துதான். திமோர் தீவில் தானாகவே உருவான ஒரு கலப்புச் செடி வழியாக அது வந்தது.

அதனால் பெயர் மாற்றி விற்கிறார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. அராபிகாவுக்கு வெப்பம் ஆகவில்லை என்பதுதான் பலரையும் ரொபஸ்டா பக்கம் திருப்பியது, அதை மறுக்கவில்லை. ஆனால் திரும்பியவர்கள் அதை ஒழுங்காகப் பறிக்கவும் காயவைக்கவும் கற்றிருக்கிறார்கள். அந்த உழைப்புக்குத்தான் தனி விலை.

அப்புறம் ஸ்டெனோஃபில்லா. மேற்கு ஆப்பிரிக்கக் காட்டுக் காப்பி. ஒரு காலத்தில் பயிரிட்டார்கள். ரொபஸ்டா கூடுதலாகக் காய்த்ததால் கைவிட்டார்கள். 2018இல் சியரா லியோன் காட்டில் திரும்பக் கண்டுபிடித்தார்கள். 2021இல் வந்த ஆய்வில், சுவைத்துப் பார்த்த வல்லுநர்களில் பெரும்பாலோருக்கு அது அராபிகா போலவே இருந்தது. அராபிகாவைவிட 6 டிகிரிக்கும் கூடுதலான சராசரி வெப்பத்தைத் தாங்குகிறது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் கடைக்கு வர நாளாகும். இப்போதைக்குத் தேடி அலைய வேண்டாம்.

நீங்கள் முதலில் ஒரு நல்ல ரொபஸ்டாவை 100 கிராம் மட்டும் வாங்குங்கள். கொதிக்கிற நீர் வேண்டாம், 88 டிகிரி போதும். தூளைக் கொஞ்சம் பருமனாக அரையுங்கள். உங்கள் வழக்கமான அராபிகாவோடு இரண்டு கிண்ணமாக வைத்து, தூளை விலக்கும்போது என்ன மணத்தது என்று எனக்கு எழுதுங்கள்.