துக்கம், தியானம், மாத்திரை: கேட்டவர்களுக்குப் பதில்

பௌத்தம், தியானம் பற்றி வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று: தியானத்தை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

கோபியிலிருந்து ஒரு சகோதரி: வீட்டுக்காரர் தவறி ஒரு வருசம் ஆகப்போகுதுங்க. இன்னும் அழுகை நிக்கலை. ஒறம்பரைங்க எல்லாம் ‘இன்னுமா அழுவறே’ங்கறாங்க. தியானம் செஞ்சா நிக்குங்களா?

அழுகையை நிறுத்தவென்று உட்காராதீர்கள் அம்மா. புத்தரின் உபதேசத் தொகுப்புகளில் ஒன்றான சங்யுத்த நிகாயத்தில் அம்பைப் பற்றி ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒருவன் மேல் அம்பு பாய்கிறது, வலிக்கிறது. கூடவே இன்னொரு அம்பும் பாய்கிறது. முதலாவது உடம்பின் வேதனை, இரண்டாவது அதற்காக மனம் படும் பாடு. பயிற்சி உள்ளவனுக்கும் முதல் அம்பு படும், இரண்டாவதுதான் படாது என்கிறார் புத்தர். அங்கே பேச்சு உடல்வலி பற்றியது; இழப்புக்கும் அதைப் பொருத்திப் பார்ப்பது என் வழக்கம்.

அவர் இல்லை என்பது முதல் அம்பு. அதை எந்தத் தியானமும் பிடுங்காது. ‘அன்னிக்கே கோயமுத்தூர் கூட்டிட்டுப் போயிருந்தா’, ‘வருசம் ஆகியும் அழறேனே, எனக்கு என்ன கோளாறு’ என்பவை இரண்டாவது வகை. அந்தக் கடைசி அம்பை எய்வது உங்கள் ஒறம்பரைதான், நீங்கள்கூட இல்லை.

காலையில் பத்து நிமிடம் உட்காருங்கள். மூக்கு நுனியில் மூச்சு வருவதையும் போவதையும் கவனித்தால் போதும், மூச்சை அடக்க வேண்டாம். தொண்டை அடைத்தால் அடைப்பைக் கவனியுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். ‘கூட்டிட்டுப் போயிருந்தா’ என்ற நினைப்பு வந்தால், வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு மூச்சுக்குத் திரும்புங்கள். துரத்தினால் அது இன்னும் வலுக்கும். சோறும் தூக்கமும் அடியோடு போய்விட்டாலோ, அவரோடு போய்விடலாம் என்று தோன்றினாலோ, தியானத்தை விட்டுவிட்டு 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது.

திருப்பூர், பனியன் கம்பெனி நடத்துபவர்: ஆசைதான் துன்பத்துக்குக் காரணம்னா நாங்க எப்படிங்க தொழில் பண்றது?

புத்தர் இல்லறத்தாரைத் தொழில் செய்ய வேண்டாம் என்று சொல்லவே இல்லை. சிகாலன் என்ற இளைஞனுக்குச் சொன்ன உபதேசத்தில் கணக்கே போட்டுக் கொடுக்கிறார்: வருமானத்தை நான்காகப் பிரி, ஒரு பங்கு அனுபவிக்க, இரண்டு தொழிலுக்கு, ஒன்று கஷ்டகாலத்துக்கு. ஆயுதம், ஆள், இறைச்சி, மது, விஷம் ஆகிய ஐந்தின் வியாபாரம் மட்டும் ஆகாது என்று வேறோர் இடத்தில் வருகிறது. (பல்லடம், நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், பட்டியல் என்னுடையதல்ல.) துன்பத்துக்குப் புத்தர் காரணமாகச் சொன்னது, இந்த ஆர்டர் போனால் நானே போனேன் என்று பிடித்துத் தொங்குவதை.

பொள்ளாச்சி, தாராபுரம், அவிநாசி: பத்து நாள் விபாசனா முகாம் எப்படி? பணம் கட்டணுமா?

ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து. கட்டணம் இல்லை, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். பர்மாவில் பிறந்த கோயங்கா 1969-இல் இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கிய முறை இது. காலை நாலு மணிக்கு எழ வேண்டும், பேசக்கூடாது, போனை வாங்கி வைத்துவிடுவார்கள். முதல் மூன்று நாள் மூச்சு மட்டும், நாலாம் நாள்தான் விபாசனா, அதாவது உடம்பில் தோன்றும் உணர்ச்சிகளைக் கவனிப்பது. மனநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

விசயமங்கலம்: எங்க ஊர் பழைய கோயில் புத்தர் கோயில்தானுங்களே?

இல்லைங்க, சமணக் கோயில். சந்திரப்பிரபர் தீர்த்தங்கரருக்கு உரியது.

மறுபடியும் விசயமங்கலம்: அப்ப கொங்குல புத்தரே கிடையாதா?

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்டுவந்த சிலை இருக்கிறதே. தொல்லியல் துறை ஆராய்ந்து, சுருள்முடி, நீண்ட காதுமடல், தியானக் கைகளைக் காட்டி, புத்தர் என்றது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது.

ஈரோடு: சேலம் எப்பங்க கொங்கு ஆச்சு?

கரூர்: அதை விடுங்க. மணிமேகலை வந்த வஞ்சி எங்க கரூர்தான். அதை எழுதுங்க.

மணிமேகலை சேரர் தலைநகரான வஞ்சிக்குப் போய்ப் பல சமயத்தார் வாதங்களைக் கேட்கிறாள், சரி. அந்த வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்று அறிஞர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நான் கரூர்க் கட்சி. ஆனால் கரூர் பக்கத்துப் புகளூர் ஆறுநாட்டார்மலைக் கல்வெட்டில் சேர அரசர் பெயரோடு வருவது சமணத் துறவியின் கற்படுக்கை. அதைப் பௌத்தத்துக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

சேலத்திலிருந்து இருவர்: கும்பிட்ட சாமியைப் பறிச்சுட்டு என்ன புத்தர்?

இந்த வருத்தம் நியாயமானது. சிலை யாருடையது என்பதற்குத்தான் என்னிடம் பதில் உண்டு. அங்கே கிடா வெட்டி வேண்டிக்கொண்டவர்களுக்கு என்ன சொல்வது என்பதற்கு இல்லை. ஈரோட்டுக்காரர் கொங்கு எல்லையை அவர்களோடு பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

காங்கயம்: பத்து நாள் முகாமுக்கு எவ்வளவுங்க?

மேலே படியுங்கள்.

சத்தியமங்கலம்: தியானம் ஆரம்பிச்சு பிரஷர் மாத்திரையை விட்டுட்டேன், நல்லாத்தான் இருக்கேன்.

பிரஷர் ஏறுவது பல நேரம் வெளியே தெரியாது. இன்றைக்கே டாக்டரைப் பார்த்து அளந்து பாருங்கள். அதுவரை உங்கள் தியானத்தைப் பற்றி நான் பேச மாட்டேன்.

கோவை, கல்லூரி மாணவர்: சம்மணம் போட்டா கால் மரத்துப்போகுதுங்க அண்ணா.

நாற்காலியில் உட்காருங்கள் தம்பி. முதுகு நேராக இருந்தால் போதும். போனை அடுத்த அறையில் வையுங்கள்.