‘போய்த் தொலை’ என்பதற்கு ஆங்கிலத்தில் டச்சுச் சொல் உண்டா?

ஒருவரை விரட்டுவதற்கான ஆங்கிலப் பேச்சுச் சொற்களில் டச்சு மூலம் கொண்டவை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லக்கூடியது, தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஃபுட்செக்’ என்ற சொல். பழைய ஆங்கில எழுத்துகளில் இது ‘ஃபுட்சாக்’ என்றும் காணப்படுகிறது. ஆனால் பாதத்தைக் குறிக்கும் ‘ஃபுட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

டச்சு மொழியில் ‘ஃபோர்ட் ஸெக் இக்’ என்றால் ‘அப்பால் போ என்கிறேன்’ என்று பொருள். 1652-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் அமைத்த பின், அங்கு வேரூன்றிய டச்சு மெல்ல ஆஃப்ரிகான்ஸ் என்ற தனி மொழியாக உருமாறியபோது, இந்த மூன்று சொற்களும் தேய்ந்து ஒரே அதட்டலாகச் சுருங்கின. விரட்டுபவர் இலக்கணம் பார்த்துப் பேசுவதில்லை என்பதால், இத்தகைய சொற்கள் விரைவில் தேய்வது இயல்பே.

முதன்மையாக இது நாயை விரட்டும் சொல். அடுப்படி வாசலில் மோப்பம் பிடித்து நிற்கும் நாயிடம் நாம் ‘அடச்சீ, போ’ என்று கையை ஓங்குவதைப் போன்றது. அதனாலேயே மனிதரிடம் இதைச் சொல்வது கடும் அவமதிப்பாகக் கொள்ளப்படுகிறது. வேடிக்கைக்காகக்கூடப் புதியவர்களிடம் பயன்படுத்த வேண்டாம் என்பேன்.

இதே பொருளில் வழங்கும் ‘வமூஸ்’ என்ற அமெரிக்கச் சொல்லையும் சிலர் டச்சு என எண்ணக்கூடும். அது ‘போவோம்’ எனப் பொருள்படும் ‘வாமோஸ்’ என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது.